மொனிற்றருக்கு எதற்கு ஒரு சாரதி?

"மாமா, இந்த மொனிற்றருக்கு ட்ரைவர் கிடைக்காதாம். பழசாம். எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு வாங்கட்டாம்."

உயிலங்குளத்திலிருந்து, மருமகன் முறையான மாணவன் ஒருவன் தொலைபேசியில் சொன்ன செய்தி இது. வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் அனுப்பிவைத்த பதினேழு அங்குலத் தட்டைத் திரை. கணினியுடன் இணைத்தால் படம் வருகிறது. ஆனால் "எழுத்தெல்லாம் புகார் பிடிச்ச மாதிரிக் கிடக்கு" என்கிறான். கடையொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மேற்படி தீர்ப்பை வழங்கியிருக்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் முதல் தடவையாகக் கேட்கவில்லை. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கடைகளில், ஏறக்குறைய இதே சொற்களில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான வேளைகளில் அது பிழையான தீர்ப்பு. அந்தப் பிழைக்கு விலை கொடுப்பவர்கள் கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கின்ற குடும்பங்கள் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. 2022இல் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த பெறுமதி இரண்டு, மூன்று மாதங்களுக்குள் 360ஐத் தாண்டியபோது, இறக்குமதியாகும் எல்லாப் பொருள்களையும் போல மொனிற்றர்களும் எட்டாத உயரத்துக்குப் போயின. அதன் பின்னர் பலர் பரணில் கிடந்த பழையதை இறக்கித் துடைத்துப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடம் போய் "எறிந்துவிடு" என்று சொல்பவர், குறைந்தபட்சம் தான் சொல்வது உண்மைதானா என்று பார்த்திருக்க வேண்டாமா?

முதலில் இந்த ட்ரைவர் என்பது என்ன? எங்கள் ஊரில் அச்சொல்லைக் கேட்டதும் சாரதிதான் நினைவுக்கு வருவார். அச்சுப்பொறிக்கு ட்ரைவர் வேண்டும் என்றால் அதில் நியாயம் உண்டு. கணினி சொல்வதை அச்சுப்பொறிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி ஓட்டிச் செல்லும் நிரல் அது. திரைக்குப் படத்தை அனுப்பும் வரைகலைச் சில்லுக்கும் அப்படியே ஒரு ட்ரைவர் கட்டாயம் வேண்டும். மொனிற்றர் ட்ரைவரோ எதையும் ஓட்டுவதில்லை. ஐஎன்எஃப் என்ற பின்னொட்டுடைய சாதாரண எழுத்துக்கோப்பு அது. நோட்பாடில் திறந்து யாரும் படிக்கலாம். உற்பத்தியாளரின் பெயர், மாதிரி எண், அதிகபட்சமாக எத்தனை புள்ளிகளைக் காட்டலாம், எந்த அலைவரிசை எல்லைக்குள் இயங்கலாம், விஷயம் அவ்வளவுதான். சில வேளைகளில் நிறங்களைச் சரிசெய்யும் சிறு கோப்பொன்றும் கூடவே வரும். நாளிதழில் ஒற்றைப் பத்தி விளம்பரத்துக்குள் அடங்கக்கூடிய தகவல்.

ஒரு காலத்தில் அந்த அரைப் பக்கம் மிகவும் முக்கியமானதாகவே இருந்தது. பெரிய கண்ணாடிக் குழாய் கொண்ட பழைய மொனிற்றர்களில், எலெக்ட்ரோன் கற்றை ஒன்று திரையின் உட்புறத்தில் கோடு கோடாக வரைந்துகொண்டே போகும். 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ முறையில் 640க்கு 480 புள்ளிகளை விநாடிக்கு 60 தடவை வரைய, விநாடிக்குச் சுமார் 31,500 கோடுகள் வேண்டும். 1024க்கு 768ஐ 85 தடவை வரைவதானால் அது ஏறத்தாழ 68,700 கோடுகளாகிவிடும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத மொனிற்றரிடம் அதைக் கேட்டால் படம் கிழியும். மிகப் பழைய வகைகளில் உள்ளே ஏதாவது கருகவும் கூடும். ஆகவே மொனிற்றரைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது விண்டோஸ் பாதுகாப்பான குறைந்த அளவிலேயே நின்றுகொள்ளும். 60 தடவைக்கு மேல் போகாது. திரை மினுங்கும், கண் எரியும், தலை வலிக்கும்.

பத்திரிகை அலுவலகங்களில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு இந்த மினுக்கத்தின் அருமை தெரியும். ஆங்கில எழுத்துக்குக் குறைந்த புள்ளிகள் போதும். தமிழுக்கு அது போதாது. மெய்யெழுத்தின் தலையிலுள்ள குற்று ஒரு தனிப் புள்ளி; அது மங்கினால் மெய், உயிர்மெய் ஆகிவிடும். றன்னகரத்துக்கும் டண்ணகரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரேயொரு சுழி. திரை கலங்கலாக இருந்தால் "அரசாங்க ஆணை" என்பது "அரசாங்க ஆனை" ஆகி அச்சேறிவிடும். மறுநாள் அந்த ஆனையைக் கட்டியிழுக்க வேண்டியவர் ஆசிரியர். இதனாலேயே பாமினி எழுத்துருவில் பக்கம் அமைத்த காலத்தில், ஒப்புநோக்குநர்கள் திரையை நம்பாமல் அச்சுப் பிரதி எடுத்தே திருத்தினார்கள். உயிலங்குளத்து மாணவன் "புகார் பிடிச்ச மாதிரி" என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. திரைக்கு இயல்பானது 1280க்கு 1024. கணினி அனுப்பிக்கொண்டிருந்தது 1024க்கு 768. தட்டைத் திரையில் புள்ளிகள் கட்டம் போட்டு நிலையாக இருப்பதால், பொருந்தாத அளவில் வருகின்ற படத்தை அது இழுத்து நிரப்பும். அந்த இழுப்பில் முதலில் பலியாவது குற்று.

அது சரி, கணினி ஏன் அந்த அளவை அனுப்பியது? மொனிற்றர் யாரென்று அதற்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் 1994ஆம் ஆண்டிலேயே வெசா என்ற தர நிர்ணய அமைப்பு இதற்கு வழி செய்துவிட்டது. ஒவ்வொரு மொனிற்றருக்குள்ளும் 128 பைட் அளவில் ஒரு சிறு குறிப்பு. அதன் பெயர் ஈடிஐடி. உற்பத்தியாளரைக் குறிக்கும் மூன்று எழுத்து, மாதிரி எண், தயாரான வாரம், ஆண்டு, திரையின் அகலம், உயரம், விரும்பும் அளவு எல்லாம் அதில் இருக்கும். ஆண்டைக்கூட 1990இலிருந்து எண்ணி எழுதுவார்கள். 2005இல் செய்த திரையில் 15 என்றிருக்கும். இன்னொரு வேடிக்கை: எல்ஜி நிறுவனத்தின் மொனிற்றர்கள் தம்மை இன்றும் "ஜிஎஸ்எம்" என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. கோல்ட்ஸ்டார் என்ற பழைய பெயரின் சுருக்கம் அது. பெயரை மாற்றினாலும் பிறப்புச் சான்றிதழை மாற்ற முடியாது போலும்.

உயிலங்குளத்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளங்கவைக்க நான் சிரமப்படவில்லை. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையே மன்னார்ப் பக்கத்தில் கடவை இருந்த ஊர் அது. சிறிய பென்ரோச் பற்றரிகூட அப்போது தடைப்பட்டியலில் இருந்தது. சோதனைச்சாவடிகளில் நீங்கள் யார், எந்த ஊர், என்ன தொழில் என்று வாயால் எவ்வளவு சொன்னாலும் பயனில்லை. அடையாள அட்டையை நீட்ட வேண்டும். அட்டை இல்லாதவர் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். ஈடிஐடி அந்த அட்டை. அது கைக்கு வந்து சேராவிட்டால் விண்டோஸ் அந்த மொனிற்றரை "ஜெனெரிக் நொன் பிஎன்பி" என்று பொதுப்பெயரிட்டு ஒதுக்கிவைத்து, குறைந்த அளவில் மட்டும் அனுமதிக்கிறது. ட்ரைவர் கோப்பு என்பது அட்டையைத் தொலைத்தவருக்குக் கிராம அலுவலர் எழுதிக் கொடுக்கும் கடிதம் போன்றது. அட்டை கையிலிருந்தால் கடிதம் தேவையேயில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "ட்ரைவர் எங்கே?" என்பதன்று. "அட்டை ஏன் வந்து சேரவில்லை?" என்பதுதான். இதற்கான விடை பெரும்பாலும் கேபிளில் இருக்கிறது. நீல நிறத் தலையுள்ள விஜிஏ கேபிளில் பதினைந்து ஊசிகளுக்கு இடம் உண்டு. படம் செல்வது வேறு ஊசிகளில்; அடையாளக் குறிப்பு வருவது 12ஆம், 15ஆம் ஊசிகளில். மலிவான கேபிள்களில் இந்த இரண்டுக்கும் கம்பியே போட்டிருக்க மாட்டார்கள். செம்பு மிச்சம் அல்லவா! படம் வரும், அடையாளம் வராது. இடையில் போடும் பிரிப்பான், நீட்டிப்புக் கேபிள் ஆகியவற்றிலும் இதே கதைதான். வேறு சில வேளைகளில், கழற்றி மாட்டும் அவசரத்தில் ஊசி ஒன்று வளைந்து படுத்திருக்கும். தலைமன்னார், பேசாலைப் பக்கத்தில் உப்புக் காற்று ஊசியில் பூத்துவிடும். அதை மெல்லச் சுரண்டித் துடைத்தாலே போதும். ஒன்பதாம் ஊசி இல்லாவிட்டால் மட்டும் பதற வேண்டாம்; பல கேபிள்களில் அந்த இடத்தைச் செய்யும்போதே வெறுமையாக விட்டிருப்பார்கள்.

மருமகனிடம் கேபிளைக் கழற்றி ஊசிகளை எண்ணச் சொன்னேன். 12 இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டுமே இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வேறொரு கேபிளை இரவல் வாங்கி மாட்டினான். மறு நிமிடமே 1280க்கு 1024 வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

எல்லாருக்கும் இப்படி எளிதில் அமைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மொனிற்றருக்குள் இருக்கும் குறிப்பே அழிந்துபோயிருக்கலாம். 1994க்கு முற்பட்டதாக இருந்தால் குறிப்பு எழுதப்பட்டிருக்கவே மாட்டாது. அப்போதும் வழியுண்டு. முதலில் டிவைஸ் மனேஜரில் வரைகலைச் சில்லின் ட்ரைவர் சரியாக உள்ளதா என்று பாருங்கள். அங்கே "மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர்" என்று இருந்தால் குற்றவாளி அது. மொனிற்றரைத் திட்டிப் பயனில்லை. அது சரியென்றால், மொனிற்றர் என்ற தலைப்பின் கீழ் ட்ரைவரை மாற்றும் பகுதிக்குப் போய், கணினியிலுள்ள பட்டியலிலிருந்து நாமே தெரிவுசெய்யும் வழியை எடுக்க வேண்டும். பொருத்தமானவற்றை மட்டும் காட்டு என்ற அடையாளத்தை நீக்கினால் "ஸ்ராண்டர்ட் மொனிற்றர் டைப்ஸ்" என்றொரு தொகுதி தெரியும். "டிஜிற்றல் பிளாட் பனல்" என்ற பெயரில் வெவ்வேறு அளவுகள் அதில் வரிசையாக இருக்கும். உங்கள் திரையின் அளவைத் தெரிவுசெய்யுங்கள். பல வேளைகளில் அத்துடன் வேலை முடிந்துவிடும். இணையத்திலிருந்து எதையும் இறக்கத் தேவையில்லை. லினக்ஸ் பாவிப்பவர்கள் எக்ஸ்ராண்டர் கட்டளையால் தேவையான அளவைத் தாமே எழுதிக் கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மாதிரி எண்ணைத் தேடுபொறியில் இட்டு, முதலில் வருகிற "இலவச ட்ரைவர்" தளத்தில் கையை வைக்காதீர்கள். சில கிலோபைட் எழுத்துக்கோப்புக்காகப் பல மெகாபைட் நிறுவல் கோப்பொன்றைத் தருபவருக்கு உங்கள் மொனிற்றரில் அக்கறை இருக்க முடியாது. அந்தத் தளங்களால் வைரஸ் பிடித்த கணினிகளைத் துப்புரவு செய்து பணம் வாங்குவதும் சில வேளைகளில் அதே கடைகள்தான். இதில் சதி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அறியாமைக்கும் இலாபம் உண்டு என்கிறேன்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமன்று. உண்மையான பழைய ட்ரைவர் கோப்பே கையில் இருந்தாலும் அதை இன்று நிறுவுவது எளிதில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், 64 பிட் பதிப்புகளில், டிஜிற்றல் கையொப்பம் இல்லாத இந்தக் கோப்புகளையும் கணினி ஏற்க மறுக்கிறது. உட்கருவில் ஓடும் நிரலுக்குக் கையொப்பம் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஐஎன்எஃப் கோப்பும் கணினியின் பதிவேட்டில் எழுதக்கூடியது என்பதால் அதைச் சோதிப்பதையும் முற்றாகக் குறை கூற முடியாது. ஆனால் 2003இல் எழுதிய அரைப் பக்கத்துக்கு இன்று யார் கையொப்பமிடுவார்கள்? கொம்பாக் 2002இல் எச்பியுடன் கலந்துவிட்டது. கேற்வே 2007இல் ஏசரின் கைக்குப் போனது. ஐபிஎம்மின் தனிக்கணினிப் பிரிவு 2005இல் லெனோவோவுக்குப் போனது. பெயர்ப்பலகை மட்டும் நம் வீட்டு மொனிற்றரின் நெற்றியில் மிஞ்சியிருக்கிறது.

இருக்கின்ற நிறுவனங்களும் பழையவற்றைச் சுமக்க விரும்புவதில்லை. 2019 நவம்பரில் இன்டெல் தனது பழைய தாய்ப்பலகைகளுக்கான பயாஸ் கோப்புகளையும் ட்ரைவர்களையும் தன் தளத்திலிருந்து நீக்கியபோது, ஆர்வலர்கள் அவசர அவசரமாகப் பிரதி எடுத்து வைத்தார்கள். பழைய ட்ரைவர் இறுவட்டுகள் பல இன்று இன்ரர்நெற் ஆக்கைவ் என்ற இணைய ஆவணகத்தில் கிடைக்கின்றன என்றால், அதற்கும் நாம் நன்றி சொல்ல வேண்டியது தன்னார்வலர்களுக்குத்தான். சேமிக்கும் செலவு என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். மொனிற்றர் விடயத்தில் அந்த வாதம் எடுபடாது. கோப்பொன்று ஐந்து கிலோபைட் என்றே வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் மாதிரிகளுக்கு ஐம்பது மெகாபைட். ஓர் இறுவட்டின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றி 2021 மார்ச்சிலிருந்து நடைமுறைப்படுத்திய மின்னணுத் திரைகள் பற்றிய ஒழுங்குவிதியில், கடைசித் திரை சந்தைக்கு வந்த பின் ஏழாண்டுகளுக்கு உதிரிப்பாகங்களும் எட்டாண்டுகளுக்குச் சாதன மென்பொருளும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் எட்டாண்டு என்பது பிரசல்ஸ் நகரத்துக் கணக்கு. அங்கே எட்டாண்டு பாவித்து முடித்த திரைக்கு மன்னாரில் இரண்டாவது வாழ்க்கை அப்போதுதான் ஆரம்பமாகிறது. சட்டம் பொருளின் வயதை எண்ணுகிறது. நாம் பொருளை அது உயிரோடிருக்கும்வரை எண்ணுகிறோம். கோப்பை என்றென்றும் பொதுவில் விட்டுவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் எந்த உற்பத்தியாளரும் நட்டப்பட்டுவிடப் போவதில்லை.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்ததன் பின், வெளிநாடுகளில் அலுவலகங்களும் வீடுகளும் கணினிகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. கணினியோடு சேர்த்து, எந்தக் குற்றமும் செய்யாத மொனிற்றரையும் வாசலில் வைத்துவிடுகிறார்கள். அவற்றில் சில ஊர்ப் பாடசாலைக்கென்றும் ஆலயத்துக்கென்றும் பெட்டி கட்டப்பட்டு வந்து சேர்கின்றன. கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இதை வாசிக்கின்ற நண்பர்களுக்குச் சில வார்த்தை சொல்ல எனக்கு உரிமையுண்டு என்று நினைக்கிறேன். கண்ணாடிக் குழாய் மொனிற்றரை அனுப்பாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எங்களூரில் அது உடைந்தால் போய்ச் சேரும் இடம் வயலோரம்தான். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற்ற சேகரிப்பாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள் என்றாலும், கிராமத்து வீட்டிலிருந்து அவர்கள் கைக்கு அதைக் கொண்டுபோவது யார்? ஏற்கனவே உள்ளதை வைத்திருப்பவர்களும் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம், சுவிட்சை நிறுத்திய பின்னரும் உள்ளே தங்கியிருக்கும்.

தட்டைத் திரையானால் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பின்புறச் சீட்டைப் படித்துவிட்டு அனுப்புங்கள். 100 முதல் 240 வோல்ற் என்றிருக்க வேண்டும். 120 மட்டும் என்றிருந்தால், 230 வோல்ற் மின்சாரம் ஓடும் இலங்கையில் செருகிய கணத்திலேயே அதன் கதை முடிந்துவிடும். அந்த மொனிற்றரோடு வந்த கேபிளையே கூட வையுங்கள். அலமாரியில் கிடந்த ஏதோவொன்றை வைக்காதீர்கள். இன்றைய கணினிகள் பலவற்றில் விஜிஏ வாயே இல்லை என்பதால், முடிந்தால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் சிறு இணைப்பியொன்றையும் சேருங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் மாதிரி எண்ணையும் திரையின் இயல்பான அளவையும் பேனாவால் எழுதி, முதுகில் ஒட்டிவிடுங்கள்.

ஊரில் உள்ள தகவல் தொழினுட்ப ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடம் இருக்கிறது. வெளியீட்டுச் சாதனம் என்றால் என்ன என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஒரு பாடவேளையில் விஜிஏ கேபிள் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய் ஊசிகளை எண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டையும் பதினைந்தையும் தொட்டுக் காட்டுங்கள்.